ஃபியட் டீனோ 2400 கூபே: பிஸ்டன் கிடைக்கும், கதவு பீடிங் கிடைக்காது

என்னிடம் இருக்கும் பழைய இத்தாலியக் கார், ஃபியட் டீனோ 2400 கூபே, அதன் எஞ்சினுக்கு பிஸ்டன் வேண்டுமென்றால் போனில் சொன்னால் போதும், வந்துவிடும். கதவு ஓரத்தில் ஓடும் ரப்பர் பீடிங்குக்கு வருடக்கணக்கில் அலைந்தேன். போன வாரம்தான் இரண்டு கதவுக்கும் புது பீடிங் போட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்தேன். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதைவிட, கோபம் ஆறுவதற்குள் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

டீனோ பிறந்த கதை தெரிந்ததுதான். 1967இல் வந்த ஃபார்முலா 2 கார் பந்தய விதிப்படி, ரேஸ் எஞ்சின் குறைந்தது 500 விற்பனைக் கார்களிலாவது ஓடும் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். ஃபெராரி தனியாக அத்தனை கார் செய்ய முடியாது, ஃபியட் கைகொடுத்தது. திறந்த கூரை வகையான ஸ்பைடரின் பாடியை பினின்ஃபரீனா நிறுவனம் கட்டியது, மூடிய கூரை வகையான கூபேயின் பாடியை பெர்த்தோனே நிறுவனம் கட்டியது. 1969இல் வந்த 2400இல் எஞ்சினின் உடற்பகுதியான பிளாக் அலுமினியத்திலிருந்து வார்ப்பிரும்புக்கு மாறியது. 2418 சிசி, 180 குதிரைத்திறன், இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டி, ஃபியட்டின் பெரிய காரான 130இலிருந்து எடுத்த பின்பக்க சஸ்பென்ஷன். இந்த 2400களைக் கடைசியாகக் கோத்தது மாரனெல்லோவில், ஃபெராரியின் சொந்தத் தொழிற்சாலையில்.

என் வண்டி 1971ஆம் வருடத்தது. இத்தாலியில் ஒரு நல்ல வசதி உண்டு: வாகனப் பதிவகத்தில் கேட்டால், வண்டி முதலில் பதிவான நாளிலிருந்து யார் யார் கைக்கு மாறியது என்று வரிசையாகச் சான்று தருவார்கள். அதில் பார்த்தால் முதல் உரிமையாளர் மிலானில் இருந்தவர், 1974இல் விற்றுவிட்டார். காரணம் எழுதியிருக்காது, ஆனால் ஊகிப்பது சுலபம். 1973 டிசம்பரில் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டிருந்தார்கள், பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினை அப்போது யார் வைத்திருக்க ஆசைப்படுவார்கள்? வாங்கியவர் பெர்கமோக்காரர். அந்தக் காலத்தில் வேறு மாகாணத்துக்காரர் கைக்குப் போனால் நம்பர் பிளேட்டே மாறும். அப்படித்தான் மிலான் பிளேட் போய் பெர்கமோ பிளேட் வந்தது. கறுப்புப் பலகை, அதில் மாகாண எழுத்து. அதை நான் மாற்றவே இல்லை.

அந்த பெர்கமோக்காரருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஓட்டுவதை நிறுத்திய பிறகும் வண்டியைப் பிரித்து விற்காமல் ஷெட்டில் மூடி வைத்திருந்தார். 2400 கூபே மொத்தமே சுமார் 2,400தான் செய்தார்கள். அதில் எத்தனையோ வண்டிகளை எஞ்சினுக்காகவே உடைத்தார்கள். ஃபெராரியின் சொந்தக் காரான டீனோ 246க்கும் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் என்ற ராலிப் பந்தயக் காருக்கும் இதே ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின்தான் இதயம். அவற்றை ரிப்பேர் செய்யவும், ஸ்ட்ராட்டோஸ் நகல் கட்டவும், விலை குறைந்த ஃபியட்டை வாங்கி எஞ்சினை உருவிக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குத் தள்ளினார்கள். என் வண்டியில் 135சி என்ற எஞ்சின் வகைக் குறி பொறித்த பிளாக், பிறந்தபோது இருந்த அதே பிளாக். ஃபியட்டின் பழைய ஆவணங்களோடு எண் ஒத்துப்போகிறது என்று சான்று வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

புதுப்பித்ததில் பெரும்பகுதி டிங்கரிங். தளம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, சக்கர வளைவுகள் எல்லாம் துரு. அதில் சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கால இத்தாலியத் தகடு அப்படித்தான்.

ஓட்டுவதைப் பற்றிக் கேட்டால் குறையே சொல்ல மாட்டேன். இசட்.எஃப். பெட்டியில் முதல் கியர் இடப்பக்கம் கீழே. எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியர் மறுக்கும், அதைத் தாண்டிப் போட்டுக்கொள்ளப் பழகிவிடும். டூரினிலிருந்து சவோனா போகும் பழைய நெடுஞ்சாலையில், மலை வளைவுகளில் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் சுற்றும்போது மூன்று வெபர் கார்புரேட்டர்களும் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் ரேடியோவே வேண்டாம். நான் எதிர்பார்க்காத சுகம் பின்சீட். ஸ்பைடரைவிட நீளமான அடித்தளம் என்பதால் பெரியவர்கள் உண்மையிலேயே உட்காரலாம். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் சவோனா வரை பின்னால் உட்கார்ந்து வந்தார், பாதி வழியில் நிம்மதியாகத் தூங்கியும் விட்டார்.

அப்புறம் மழை பெய்யும். கதவின் மேல் முனையில் ஒரு சொட்டு சேரும், கண்ணாடி ஓரமாக இறங்கும், சரியாக என் இடது முழங்காலில் விழும். மழை இல்லாவிட்டால் விசில். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காதோரம் ஆரம்பித்து நிற்காது. மெக்கானிக் பொதுவாகக் கிடைக்கும் பீடிங்கைப் போட்டார்: தடிமன் அதிகம், கதவு விளிம்பு பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது, அறைந்து சாத்த வேண்டியிருந்தது. மெல்லியது போட்டால் மறுபடி விசில். இமோலா ரேஸ் மைதானத்தில் நடக்கும் பழைய பாகச் சந்தையில் பிரிக்காத உறையோடு அசல் பீடிங் ஒன்று கிடைத்தது. விலையைப் பார்க்காமல் வாங்கினேன். ஐம்பது வருடம் உறைக்குள் கிடந்த ரப்பர். வளைத்ததும் வெடிப்பு விட்டது. கடைசியில் இதே வண்டி வைத்திருக்கும் சிலர் சேர்ந்து பணம் போட்டு, அந்த வெடித்த துண்டையே மாதிரியாகக் கொடுத்து, ரப்பர் பட்டறை ஒன்றில் புதிதாக அச்சு போட்டு வார்க்கச் சொன்னோம். இப்போது கதவு இரண்டு விரலால் தள்ளினாலே மூடுகிறது.

இந்த வண்டியின் கஷ்டம் எல்லாமே இப்படித்தான். ஃபெராரி பக்கத்துப் பாகங்களுக்கு ஃபெராரி விலை, ஆனால் பணம் கொடுத்தால் கிடைக்கும். ஃபியட், பெர்த்தோனே பக்கத்துப் பாகங்களுக்கு விலையே கிடையாது, ஏனென்றால் செய்கிறவர்கள் இல்லை. பெர்த்தோனே நிறுவனமே 2014இல் திவாலாகிவிட்டது. குரோம் பட்டை, சுவிட்ச், விளக்குக் கண்ணாடி, பீடிங்: இவைதான் வண்டியை நிறுத்தி வைக்கும், எஞ்சின் அல்ல.

அதனால் என் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். பரவாயில்லை. அதே காலத்து ஆல்ஃபா ரோமியோ 2000 ஜி.டி.வி. வாங்குங்கள். பின்சீட் சின்னது, சத்தம் வேறு, ஆனால் ரப்பரிலிருந்து ஸ்க்ரூ வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சனிக்கிழமை உடைந்தது அடுத்த சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும்.

கேட்காமல் டீனோதான் என்று நிற்பவர்கள், எஞ்சினின் எண்ணைச் சான்றோடு ஒப்பிட்ட கையோடு உள்ளே வெளியே இருக்கும் சின்னப் பாகங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், நன்றாகவே குறைக்கச் சொல்லுங்கள். பின்விளக்குக் கண்ணாடி எங்கே கண்ணில் பட்டாலும் உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடப்பக்கத்துக்கு ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.