பழைய போர்ஷே 911 வாங்கும்போது: பிரேக்கில் இரும்பு டிஸ்க்கா, செராமிக் டிஸ்க்கா?

முதலில் சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் செராமிக். சிவப்பு என்றால் அநேகமாக இரும்பு.

இரும்பு தன் குறையைப் பெடலிலேயே சொல்லிவிடும். வேகத்தில் அழுத்தும்போது கால் அதிர்ந்தால் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். நின்ற வண்டியில் அழுத்திப் பிடித்தும் பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்படுங்கள். கடைசி இரண்டும் எந்த டிஸ்க் உள்ள வண்டியிலும் வரலாம். தேய்மானத்துக்கு டிஸ்க்கின் தடிமனை அளந்தால் போதும்.

செராமிக் அப்படியில்லை. 2001-இல் 911-இன் ஜிடி2 மாடலோடு வந்த இது, இரும்பில் ஏறக்குறைய பாதி எடைதான். பெடல் அருமையாக இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தேய்ந்த டிஸ்க்கும் நன்றாகவே பிடிக்கும். தேயத் தேய எடை குறையும் என்பதால், கழற்றி எடை போட்டால் நிலைமை தெரியும். மாற்றும் செலவோ மிக அதிகம். எடை பார்த்த சீட்டு இல்லையென்றால் நான் இரும்பையே எடுப்பேன்.