வாக்கி-டாக்கிக்கு ஒரு ஹெலிகல் ஆன்டெனா: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என்னுடைய ஐந்து வாட் வாக்கி-டாக்கியுடன் வந்த குட்டை ஆன்டெனா பழுதானதால், சென்னை ரிச்சி தெருவில் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெலிகல் (கம்பியைச் சுருளாகச் சுற்றிய) ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். அமெச்சூர் வானொலிக்குரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஆறு மாதமாக அதைப் பயன்படுத்தி வருகிறேன்.

பழையதைத் தூக்கிப் போடுமுன் அதன் ரப்பர் உறையை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளே பேனா ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருள் இருந்தது. அதன் அடிமுனை, கருவியோடு இணையும் கனெக்டரின் நடு ஊசியோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று விட்டுப்போய், அழுத்தினால் ஒட்டியும் விட்டால் விலகியும் நின்றது. பேச்சு நடுநடுவே அறுந்ததற்கு அதுவே காரணம்.

145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், கால் அலைநீளக் கம்பிக்கு அரை மீட்டர் வேண்டும். அதைக் கையடக்கமாக்கவே கம்பியைச் சுருட்டுகிறார்கள். ஹெலிகல் ஆன்டெனாவில் இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கிராஸ் 1946இல் கண்டறிந்த அந்த வகையில் சுருளின் ஒரு சுற்றின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளம் இருக்கும், அலையும் சுருளின் முனைத் திசையில் பாயும். கைக்கருவிச் சுருளோ அலைநீளத்துக்கு முன் மிகச் சிறியது, ஆகவே அலை பக்கவாட்டில் சுற்றிலும் பரவுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீளம் குறைந்தால் திறனும் குறையும், ஒத்திசையும் அலைவரிசையும் குறுகும். கருவியைக் கையில் பிடித்தபடி அளந்தபோது, 145இல் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து கருவிக்கே திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5க்குக் கீழே இருந்தது. 150இல் 3ஐத் தாண்டியது. நம் அலைவரிசைக்கு இது போதும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆன்டெனாவை எடைபோடக் கூடாது. ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பொருத்தும் மின்தடையான, எதையும் வெளியே அனுப்பாத 50 ஓம் டம்மி லோடும் 1 என்றே காட்டும். கேட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. பழையதில் இரைச்சலோடு கேட்ட ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்), இதில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தெளிவாகக் கேட்கிறது.

சுருள் என்பது ஆன்டெனாவின் ஒரு பாதிதான். கருவியின் உடலும் அதைப் பிடித்திருக்கும் கையும் மறுபாதியாக வேலை செய்கின்றன. கனெக்டரின் வெளி உலோகத்தோடு அரை மீட்டர் கம்பி ஒன்றை இணைத்துத் தொங்கவிட்டபோது, எதிர்முனை நண்பர் குரல் தேறியிருப்பதாக உடனே சொன்னார்.

குறை ஒன்று உண்டு. ரப்பர் அடி கருவியின் மேல் படியாமல் சிறு இடைவெளி விடுகிறது. பக்கவாட்டில் இடித்தால் பாரம் முழுவதும் கனெக்டரில் இறங்கும். நான் ஒரு ரப்பர் வாஷர் போட்டிருக்கிறேன். வாங்குவோர் தங்கள் கருவியின் எஸ்.எம்.ஏ. கனெக்டர் (ஆன்டெனாவைத் திருகிப் பொருத்தும் சிறு இணைப்பு) நடுவில் ஊசி உள்ள ஆணா, துளை உள்ள பெண்ணா என்பதைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.