விசைக் கணக்கு: நேரத்தை அளப்பதா, தூரத்தை அளப்பதா?

நிறையை முடுக்கத்தால், அதாவது நொடிக்கு நொடி வேகம் மாறும் அளவால், பெருக்கினால் விசை. பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடக் கணக்குகளில் முடுக்கம் பெரும்பாலும் வினாவிலேயே வந்துவிடும். குன்னூர் மலைப்பாதையில் இறங்கும் காருக்கு அதை யார் எழுதித் தருவார்கள்? நாமேதான் பிடிக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு.

ஆயிரம் கிலோ கார், நொடிக்கு 10 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவில் மேலேறும் பஸ்ஸுக்கு வழிவிட பிரேக் போட்டு, 4 நொடியில், 20 மீட்டர் ஓடி நிற்கிறது. நேர வழியில் 10-ஐ 4-ஆல் வகுத்தால் முடுக்கத்தின் அளவு 2.5. தூர வழியில் வேகத்தின் வர்க்கம் 100-ஐ, தூரத்தின் இருமடங்கு 40-ஆல் வகுத்தாலும் அதே 2.5. ஆக, விசை 2,500 நியூட்டன்.

தாளில் சமம்தான். அளக்கப் போனால் எனக்குத் தூர வழியே பிடிக்கும். ஸ்டாப்வாட்சை அரை நொடி முன்னதாக நிறுத்திவிட்டால் விடை 2,857-க்கு ஏறிவிடும். தூரமோ வண்டி நின்ற பிறகும் அங்கேயே கிடக்கும். பிரேக் பிடித்த இடத்தில் சாக்பீஸ் கோடு இருந்தால் போதும், டேப்பை நிதானமாக இழுக்கலாம். (சோதனையை மைதானத்தில் சைக்கிளோடு வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் வேண்டாம்.) ஆனால் ஸ்பீடோமீட்டர் 10-க்குப் பதில் 11 காட்டினால் தூர வழி 21 சதவீதம் தவறும், நேர வழி 10 சதவீதம்தான். வேகத்தையே நம்ப முடியாதென்றால் இரண்டையும் அளந்துவிடுங்கள்: தூரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும், வேகமே வேண்டாம்.

சரி, அந்த 2,500 பிரேக் தந்த விசையா? இல்லை, நிகர விசை, அதாவது வண்டி மேல் செயல்படும் எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்த மிச்சம். எந்த வழியில் போனாலும் கிடைப்பது அதுதான். மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் 12.28-க்கு 1 வரை, அதாவது 12.28 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம் வரை, போகும். பல்தண்டவாளத்தைக் கவ்வியபடி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. வேகம் மாறாதவரை முடுக்கம் பூஜ்யம், நிகர விசையும் பூஜ்யம். இன்ஜின் சும்மா இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

நம் காரும் 12-க்கு 1 சரிவில் இறங்கினால், புவியீர்ப்பு ஏறக்குறைய 817 நியூட்டன் கீழே இழுக்கும். மற்ற உராய்வை விட்டுவிட்டால், பிரேக் 3,317 நியூட்டன் தர வேண்டும். அதே கார் மேலேறும்போது அதே 20 மீட்டரில் நிற்க 1,683 போதும்.