அளவியா, பாலத்துக் கோடா, மழைக் கணக்கா, கரைக் கல்லா? காட்டாற்றில் இறங்கும் முன் எதை நம்புவது

சின்னக் காட்டாறுகளில் கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டுகிறவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. இன்று தண்ணீர் எவ்வளவு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கைபேசியில் வரும் ஆற்று அளவியின் எண்ணே வேதம் என்பவர்கள் இருக்கிறார்கள். பாலத் தூணில் தீட்டிய கோட்டைப் பார்த்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். "மலையில் எவ்வளவு மழை என்று சொல், மிச்சத்தை நான் சொல்கிறேன்" என்பார் ஒருவர். தெரிந்த கல்லைக் கண்ணால் பார்க்காமல் படகை இறக்கவே மாட்டேன் என்பார் இன்னொருவர். நான்கையும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துத்தான் ஆரம்பத்தில் தப்புச் செய்தேன்.

பெரிய ஆறு ஏற நாள் கணக்கு ஆகும். சின்ன ஆறு ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும், சில சமயம் அதற்கும் முன்பே. அதனால் இங்கே "எவ்வளவு" என்பதோடு "ஏறுகிறதா, இறங்குகிறதா" என்பதையும் கேட்டாக வேண்டும். நான்கு வழிகளையும் அந்த இரண்டாவது கேள்வியை வைத்தே எடை போடுகிறேன்.

அளவி சொல்வதும் சொல்லாததும்

அளவி அளப்பது பெரும்பாலும் நீர்மட்டத்தை மட்டுமே. ஆற்றோரக் கிணற்றுக்குள் கிடக்கும் மிதவையோ, தண்ணீருக்கடியில் வைத்த அழுத்த உணரியோ, பாலத்தில் பொருத்திய ரேடாரோ, எதுவானாலும் கையில் கிடைப்பது ஓர் உயரம். விநாடிக்கு இத்தனை கன அடி என்று திரையில் தெரிவது அந்த உயரத்திலிருந்து கணக்கிட்டது. ஆட்கள் பலமுறை நேரில் போய், ஓட்டத்தின் வேகத்தையும் குறுக்குப் பரப்பையும் அளந்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்பார்கள். பெரிய வெள்ளம் வந்து ஆற்றின் அடியை மாற்றிப் போட்டால் அந்தக் கோடு பழசாகிவிடும். மறுபடி போய் அளக்கும்வரை எண் பிசகும். அளவிக்குச் சற்றுக் கீழே ஒரு மரம் விழுந்து தண்ணீரைத் தேக்கினாலும் போதும், ஓட்டம் கூடாமலே எண் கூடும்.

மட்டத்தில் 0 என்றால் தண்ணீரே இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது அளவி வைத்தவர்கள் வசதிக்கு எடுத்துக்கொண்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஓர் ஆற்றில் 0.6 மீட்டர் அருமையான ஓட்டமாக இருக்கும். பக்கத்து ஆற்றில் அதே 0.6 படகின் அடியைக் கல்லில் உரசவிடும். ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 35 கன அடி என்பது தெரிந்தால் இரண்டு அலகுகளையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஓர் ஆற்றின் எண்ணை இன்னோர் ஆற்றுக்கு மாற்ற எந்தச் சூத்திரமும் இல்லை.

இன்னொன்று. ஆழம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. அகன்ற படுகையில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடும், ஏனென்றால் ஆழத்தோடு வேகமும் ஏறுகிறது. அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி நம்மைத் தள்ளும் விசை ஏறுகிறது. "அரையடிதானே ஏறியிருக்கு" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அளவியை நான் மதிப்பது அதன் வரைபடத்துக்காக. மழை பெய்தால் கோடு செங்குத்தாக ஏறும், பிறகு வால் போல நீண்டு இறங்கும். அந்த வாலில் இறங்குவதுதான் சுகம்: தண்ணீர் போதுமான அளவு இருக்கும், அடுத்த சில மணி நேரமும் மெதுவாகக் குறையும். ஏறுமுகத்தில் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். நேற்றிலிருந்து இன்றுவரை நடந்ததை இவ்வளவு தெளிவாக மற்ற மூன்றில் எதுவும் சொல்லாது.

குறை, நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் யுஎஸ்ஜிஎஸ் என்னும் அரசுப் புவியியல் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் அளவிகள் பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்து, பெரும்பாலும் மணிக்கொருமுறை செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. நம் கண்ணில் படும் எண் ஒரு மணி நேரம் பழசாக இருக்கலாம். அதோடு அளவி பல இடங்களில் ஓடைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கீழே இருக்கும். நாம் ஓட்டுவது மேலே. அப்படியானால் அது காட்டுவது நம்மைக் கடந்து போய்விட்ட தண்ணீரை.

பாலத்துக் கோடு

பாலத் தூணில் தீட்டிய அளவுகோலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழுதாகாது, மின்சாரம் வேண்டாம், பார்க்கும் நொடியின் மட்டத்தைச் சொல்லும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய அங்கேயே காத்து நிற்க வேண்டும். பாலம் கட்ட வசதியான இடமும் நாம் துடுப்புப் போடும் குறுகலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாலத்தடியில் ஆறு அகன்று கிடந்தால், அங்கே ஒரு சாண் ஏறுவது பாறைகளுக்கு இடையிலான குறுகலில் ஒரு முழம் ஏறுவதாக இருக்கலாம். பழைய ஆட்கள் சொல்லும் "இரண்டாவது கோடு வரை இறங்கலாம்" போன்ற கணக்குகள் தங்கம் மாதிரி. ஆனால் அவை அந்தப் பாலத்துக்கு மட்டும்தான்.

மழைக் கணக்கு

நான்கில் வருவதை முன்கூட்டிச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 கன மீட்டர் தண்ணீர். உங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மலைப்பரப்பு 30 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். 20 மில்லிமீட்டர் பெய்தால் 6 லட்சம் கன மீட்டர். அதில் பாதி 6 மணி நேரத்தில் ஓடி வந்தால் சராசரியாக விநாடிக்குச் சுமார் 14 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 490 கன அடி. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆற்றுக்கு அது வேறு ஆறு.

கணக்கு பிசகுவது அந்தப் "பாதி" என்ற சொல்லில்தான். காய்ந்த மண் பெரும்பங்கைக் குடித்துவிடும். மூன்று நாள் நனைந்து ஊறிய மண் ஏறக்குறைய எதையும் குடிக்காது. அதே மழைக்கு ஒரு வாரம் ஆறு அசையாமல் கிடக்கும், அடுத்த வாரம் கரை தொடும். கோடை இடிமழையோ ஒரு பள்ளத்தாக்கை மட்டும் நனைத்துவிட்டு, மழைமானி இருக்கும் இடத்தைத் தொடாமலே போய்விடும். எனவே மழைக் கணக்கை வைத்து "இன்று போகக் கூடாது" என்று முடிவெடுப்பேன். "இன்று போகலாம்" என்று ஒருநாளும் முடிவெடுத்ததில்லை.

கரைக் கல்

நாங்கள் அடிக்கடி போகும் ஆற்றில், படகு இறக்கும் இடத்துக்கு எதிரே ஒரு பாறை இருக்கிறது. ஆமைக்கல் என்போம். அதன் முதுகு காய்ந்திருந்தால் நாள் முழுக்கக் கல்லில் தட்டிக்கொண்டே போக வேண்டும். முதுகின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் வழிந்தால் சரியான நாள். தண்ணீர் அதன் மேல் மேடாக எழும்பிப் பின்னால் நுரைக்குழி விழுந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் காலை அளவி 0.7 காட்டியது, கோடு இறங்குமுகம். ஆமைக்கல் முதுகிலும் மெல்லிசான வழிசல். தலைக்கவசம் மாட்டியாகிவிட்டது. கூட வந்த பெண் கரையில் குனிந்து, "அண்ணா, இங்க பாருங்க" என்றாள். ஓரத்துக் காய்ந்த மணலில் தண்ணீர் நாக்கு நாக்காக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் முழுசாக நனையாத சருகுகள் மிதந்து போயின. இறங்கும் ஆற்றில் நீர்க்கோட்டுக்கு மேலே கல்லில் ஓர் ஈரப்பட்டை இருக்கும். அங்கே அது இல்லை. வெயிலில் வெளுத்த கல் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் குச்சி நாலு விரற்கடை ஆழத்தில் நின்றது. படகுகளை மறுபடி வண்டியில் கட்டினோம். மதியம் ஆமைக்கல் இருந்த இடத்தில் பழுப்பு மேடு ஒன்றுதான் தெரிந்தது. அளவியின் கோடு ஏறத் தொடங்கியது நாங்கள் கிளம்பி வெகுநேரம் கழித்து.

அதற்காகக் கல்லைக் கும்பிடச் சொல்லவில்லை. புது ஆற்றில் எந்தக் கல் எதைச் சொல்கிறது என்று நமக்குத் தெரியாது. பெரிய வெள்ளம் அடையாளக் கல்லையே புரட்டிவிடும். உயரமான கரையிலிருந்து பார்த்தால், பாறைகளுக்கு இடையே நுரைத்து ஓடும் எந்தப் பாய்ச்சலும் சின்னதாகத்தான் தெரியும். ஆசையும் கண்ணை ஏமாற்றும்: நாலு மணி நேரம் வண்டியோட்டி வந்தவனுக்குக் கல் மேல் எழும்பும் தண்ணீர் மேடும் மேடாகத் தெரியாது.

குறைந்த தண்ணீர் என்ற மயக்கம்

நான்கு வழியில் எது "குறைவு" என்று சொன்னாலும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. அது சரியில்லை. நடுத்தர ஓட்டத்தில் மூடிக் கிடக்கும் பாறை இடுக்குகள் தண்ணீர் குறைந்தால் சல்லடையாகத் திறக்கும். தண்ணீர் புகுந்து போய்விடும், படகின் மூக்கு மாட்டிக்கொள்ளும். முழங்கால் ஆழம்தானே என்று ஓட்டத்தில் எழுந்து நின்றால் கால் கல்லிடுக்கில் சிக்கி, தண்ணீர் முதுகில் தள்ளி, அந்த ஆழத்திலேயே ஆள் மூழ்கலாம். ஓட்டம் கூடினால் ஆபத்து இடம் மாறும். பாறைக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கும் ஒதுக்கங்கள் அழிந்துபோகும். ஆறு கரையோர மரங்களுக்குள் ஓடும். தடுப்பணைக்குக் கீழே திரும்பிச் சுருளும் தண்ணீர் ஆளை விடாது. ஒன்று முதல் ஆறு வரையிலான சர்வதேசக் கடின வரிசையில் ஒரு பாய்ச்சலுக்கு மூன்று என்று எழுதியிருந்தால், எந்த மட்டத்தில் மூன்று என்று கேட்க வேண்டும்.

சேர்த்துப் பார்த்தால்

தெரியாத ஆற்றுக்கு அளவிதான் முதலில், அதுவும் அங்கே ஓட்டியவர்கள் எந்த எண்ணில் ஓட்டினார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு. பழகிய ஆற்றில் கல்லுக்கே என் ஓட்டு. அணைக்குக் கீழே நான்குமே இரண்டாம் பட்சம், மதகு திறக்கும் நேரம்தான் கணக்கு. பனி உருகி வரும் ஆற்றில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்: பகல் வெயில் உருக்கியது பிற்பகலிலோ மாலையிலோ வந்து சேரும், தொலைவு கூடினால் இரவில்.

அளவியும் கல்லும் முரண்பட்டால், எது அதிகத் தண்ணீர் என்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறேன். மேலே மலையில் வானம் கருத்திருந்தால் இரண்டையும் கேட்பதில்லை. எல்லாம் ஒத்துப்போன நாளிலும் குச்சி நட்டுத்தான் கிளம்புவேன். குறுகலுக்குள் நுழையும் முன், சாலை கடைசியாக ஆற்றைத் தொடும் இடத்தில் கரையேறி இன்னொரு தெரிந்த கல்லைப் பார்ப்பேன். வழக்கத்தைவிட இரண்டு விரல் கூட இருந்து, ஓரத்தில் ஈரப்பட்டையும் இல்லையென்றால், படகைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்தே சாலைக்கு நடந்துவிடுவேன்.