இடம் பாடியவர் வலத்துக்கு வந்தபோது

தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் வில்லுப்பாட்டு, பாறசாலை தாண்டினால் வில்லடிச்சான் பாட்டு. பெயர்தான் வேறு. களியக்காவிளை வட்டாரத்தில் கொடை எனப்படும் கோயில் திருவிழாவின் பந்தலில் இரண்டு மொழிக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் கேட்பார்கள். அப்படி ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு மூன்று அமர்வு பாடியது: வியாழன் இரவு தொடக்கச் சடங்கான குடியழைப்பு, வெள்ளி மதியம் உச்சிக்கொடை, வெள்ளி நள்ளிரவு சாமக்கொடை. முதல் அமர்வோடு தலைமைப் புலவரின் தொண்டை கட்டிவிட்டது. உச்சிக்கொடையை மாற்று ஆள்தான் பாடினார். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருஷக் கொடைக்குக் குழு தேடும் கமிட்டிக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் நல்லதும் கெட்டதும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முதலில் உட்காரும் முறை. வில்லுக்கு வலப்பக்கம் தலைமைப் புலவர், கையில் வில் நாணை அடிக்கும் வீசுகோல். இவர் வலம் பாடுபவர். இடப்பக்கம் பின்பாட்டுக்காரர், அதாவது இடம் பாடுபவர். இந்தக் குழுவில் தாளக் கட்டையும் அவர் கையில்தான். குடம், உடுக்கை, ஜால்ரா, ஆர்மோனியம் என்று மற்ற நால்வர். ஆறே பேர் என்பதால் சும்மா உட்கார்ந்திருக்கும் உபரி ஆள் கிடையாது. புலவருக்கு முடியவில்லை என்றால் இடம் பாடுபவர் வலத்துக்கு வருவார். அங்கே தீர்ந்துவிடுகிற விஷயமில்லை இது. இடத்தில் இப்போது யார்? ஜால்ராக்காரப் பையன். ஜால்ரா யாரிடம்? யாரிடமும் இல்லை.

குடியழைப்பு இரவு பழுதில்லை. காப்பு விருத்தம், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்ற தொடக்கப் பகுதிகள் எல்லாம் அவசரமில்லாமல் நடந்தன. புலவர் பெண். ஐந்து கட்டைச் சுருதியில் தெளிவான குரல். கைலாசத்தில் தூண்டாமணி விளக்கின் சுடரிலிருந்து மாடன் பிறக்கும் இடத்தை விருத்தமாக இழுத்துப் பாடியபோது பெண்கள் பக்கமிருந்து தானாகவே குரவை எழுந்தது. வீசுகோலை அவர் பிடித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அடிக்கு அடி நாணைத் தட்டவில்லை. பாட்டு ஓடும்போது கோலின் நுனி நாணை உரசிக்கொண்டிருக்கும், அடி முடிகிற இடத்தில் மட்டும் ஓங்கி விழும். வில்லில் கட்டிய மணிகள் அப்போதுதான் மொத்தமாகக் குலுங்கும். கேட்பவன் காதுக்கு அது முற்றுப்புள்ளி.

தொண்டை போனதற்குக் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒலிபெருக்கிகள் எல்லாம் பந்தலுக்கு வெளியே பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. பாடுபவர்களை நோக்கி ஒரு சின்னப் பெட்டிகூட இல்லை. போதாததற்கு நாற்பதடி தள்ளி நையாண்டி மேளம். தன் குரல் தனக்கே கேட்காத பாடகர் கத்தத்தான் செய்வார். ஐந்து கட்டையில் நாலு மணிநேரம் கத்தினால் மறுநாள் காற்றுதான் வரும். வில்லும் மேளமும் மாறி மாறி நடக்க வேண்டும், பாடுபவருக்கு முன்னால் ஒரு பெட்டி வைக்க வேண்டும். இரண்டும் கமிட்டியின் வேலை.

வெள்ளி மதியம் இடம் பாடுபவர் வலத்தில் வந்து உட்கார்ந்ததும் பந்தலில் ஒரு சலசலப்பு. “புலவரு எங்க?” என்று பின்வரிசையில் கேட்டார்கள். நாலைந்து பேர் எழுந்து பொங்கல் அடுப்புப் பக்கம் போனார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு வரி சொல்லியிருந்தாலே போதும், யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். சொல்லாமல் ஆரம்பித்ததால் முதல் கால்மணி நேரம் பாட்டைக் கேட்காமல் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது கூட்டம்.

சுருதியிலும் கோளாறு. புதியவர் ஆண், ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைக் குரல். ஆர்மோனியக்காரர் பழக்கதோஷத்தில் ஐந்திலேயே தொடங்கிவிட்டார். இரண்டு அடி மேலே எட்டிப் பிடித்துப் பார்த்தார், மூன்றாவதில் குரல் கீறியது. அப்புறம்தான் சுருதியை இறக்கினார்கள். உடுக்கைக்குச் சிக்கலில்லை, இடுப்புக் கயிற்றை அழுத்துவதிலும் தளர்த்துவதிலும் ஒலியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். குடம் அப்படியில்லை. சூளையில் வெந்து வந்த ஒலிதான் அதற்கு. குடத்தின் வாயில், அதை அடிக்கும் கமுகம்பாளைப் பத்தி விழும்போது வரும் ‘கும்’ மேல்கட்டைப் பாட்டோடு சேர்ந்து நின்றது, கீழ்க்கட்டையில் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. இரண்டு குடம் கொண்டுவரும் குழுக்கள் உண்டு. ஒன்று உடைந்தால் இன்னொன்று என்பது மட்டுமில்லை, இதற்கும் அது உதவும்.

வீசுகோல் அவருக்குக் கைவரவில்லை. கட்டை தட்டிய கை தாளத்துக்குத் தாளம் நாணில் விழுந்துகொண்டே இருந்தது. மணிகள் ஓயவே இல்லை. எது அடி முடிவு, எது நடு என்று தெரியாமல் காது களைத்துப்போனது.

ஆனால் கூட்டத்தை உண்மையில் கலைத்தது இதெல்லாம் இல்லை, ஒரு ‘ஆமா’. வில்லுப்பாட்டில் வசனம் ஓடும்போது இடம் பாடுபவர் ஆமா போடுவார். “மாடன் மயானத்துக்குப் போறான்.” “ஆமா.” “பிணம் எரியுது.” “ஆமா, எரியுது.” கதையை முன்னால் தள்ளிவிடுவதும், புலவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பதும், கேட்பவன் மனசில் உள்ளதைச் சொல்வதும் அந்தச் சொல்தான். ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு வந்த பையனுக்குக் கதை தெரியும், எந்த இடத்தில் நுழைவது என்பது தெரியவில்லை. ஒவ்வொரு ஆமாவும் அரை நொடி பிந்தியது. சில இடத்தில் வலத்தில் இருந்தவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிய பிறகு வந்து விழுந்தது. முன்வரிசையில் தூணில் சாய்ந்திருந்த கிழவர்கள் பொறுக்கமாட்டாமல் தாங்களே ஆமா போடத் தொடங்கினார்கள். சிரிப்பு எழுந்தது. கேலியில்லை அது. அதற்குப் பிறகுதான் பந்தல் இளகியது.

அடுத்தது சாமியாடி மேல் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு. மாற்றுப் பாடகருக்கு உண்மையான தேர்வு இங்கேதான். பாட்டு நன்றாக இல்லையென்றால் மற்ற கேட்பவர்கள் எழுந்து போவார்கள், அவ்வளவுதான். சாமியாடிக்கோ சாமியே வராது. வரத்தை மெதுவாகத் தொடங்கி, சாமியாடியின் தோளைப் பார்த்து, அது குலுங்கத் தொடங்கிய பிறகு நடையை ஏற்ற வேண்டும். இவர் கண் முழுக்க மடியில் இருந்த நோட்டில். ஐந்தாவது அடிக்குள் துரித நடைக்குப் போய்விட்டார். அங்கிருந்து மேலே போக வழியில்லை, அதே வேகத்தில் மூன்று முறை திரும்பப் பாட வேண்டியதாயிற்று. சாமியாடி கைகட்டி நின்றார். கடைசியில் உடுக்கைக்காரர், இந்தக் குழுவில் மூத்தவர் அவர்தான், தானாகவே நடையைப் பாதியாகக் குறைத்தார். பாட்டும் இறங்கியது. திரும்ப ஏறும்போது சாமி வந்தது, குரவை வந்தது, கமிட்டித் தலைவருக்கு உயிர் வந்தது.

அன்பளிப்பு அறிவிப்பு வேறு. யாரோ நோட்டை நீட்டுவதும், கதையை நிறுத்தி அவர் பெயரையும் வீட்டுப் பெயரையும் வாழ்த்திப் பாடுவதும் வழக்கம்தான். அனுபவப்பட்ட புலவர் அதே ராகத்தில் வாழ்த்தி, விட்ட அடியை அப்படியே எடுத்துவிடுவார். இவர் மூன்று முறை இடம் தவறினார். ஒருமுறை மாடன் பூலோகத்துக்கு இரண்டாம் தடவை இறங்கினான். மாற்று ஆள் பாடும் அமர்விலாவது அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து ஒரு பகுதி முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு சொல்ல வேண்டியது: கொட்டாரக்கரைப் பகுதியை அந்த மனிதர் பிரமாதமாகச் செய்தார். மாடன் மலையாள நாட்டுக்குப் போய் மந்திரவாதி காளிப்புலையனோடு மோதும் இடம் அது. புலவர் அந்தப் பகுதியைப் பாட்டாகவே கொண்டுபோவார் என்கிறார்கள். இவர் வசனத்தை எடுத்துக்கொண்டார். காளிப்புலையன் பேசும்போது நெய்யாற்றங்கரைப் பக்கத்து மலையாளம், மாடன் பேசும்போது விளவங்கோட்டுத் தமிழ். இரண்டும் அவர் வாயில் ஊறிய பேச்சு. நோட்டு மூடிக் கிடந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுப்புப் பக்கம் போனவர்கள் கரண்டியோடு திரும்பி வந்து நின்றார்கள். காளிப்புலையனின் மகள் மாவிசக்கியின் முடிவு வந்தபோது அதே பெண்கள் அசையவில்லை. வீசுகோல் அந்த இருபது நிமிஷமும் மடியில்தான் இருந்தது.

ஆகவே இந்தக் குழுவைக் கூப்பிடலாம். அச்சாரம் கொடுக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். உங்கள் கோயில் சாமிக்கு வரத்துப் பாட்டு புலவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதை அவர் ஒரு கொடையிலாவது பாடியிருக்கிறாரா? அவர் வலத்துக்குப் போனால் ஆமா போடுவது யார்? சுடலைமாடன் கதை தெரிந்தவருக்கு முத்தாரம்மன் கதையோ வேணாட்டுப் படைத்தலைவன் கதையான இரவிக்குட்டிப் பிள்ளை போரோ தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணியாகுளம் சண்டைக்குப் போகாதே என்று இரவிக்குட்டிப் பிள்ளையைத் தடுக்கும் இடத்தில் ஓர் அடி மாறினாலும் கல்குளம் பக்கத்து ஆட்கள் எழுந்து நின்று திருத்துவார்கள். நோட்டீசில் வலம், இடம் இரண்டு பேருடைய பெயரையும் போடுங்கள். இடம் பாடுபவர் படத்தையும் போட்டால் தவறில்லை. ஒலிவாங்கி வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, குடத்துக்குத் தாழ்வாக ஒன்று. பல பந்தல்களில் இடத்துக்கு வைப்பதில்லை. ஆமா கேட்காமல் போவதற்குப் பாதிக் காரணம் அது.

சாமக்கொடைக்குப் பனி இறங்கிவிட்டது. பனியில் தோல் நாண் ஈரம் உறிஞ்சித் தொய்யும், அடித்தால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். குடக்காரர் வில்லை அடுப்பருகே கொண்டுபோய் அனல் காட்டி எடுத்துவந்தார். அவர் திரும்புவதற்குள் தலைமைப் புலவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேடையேறியிருந்தார். வலத்தில் உட்காரவில்லை. இடத்தில் போய் உட்கார்ந்து, பையனிடம் ஜால்ராவைத் திருப்பிக் கொடுத்தார். குரல் இல்லை, வெறும் மூச்சுதான். ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, சாமிக்குப் படைக்கும் படப்பு முடிந்து வாழி பாடும் வரை, ஒன்றுகூடப் பிந்தாமல் ஆமா போட்டார். முன்வரிசைக் கிழவர்கள் அன்றிரவு வாயே திறக்கவில்லை.