பாளையங்கோட்டை வீட்டுச் சபை: போய்ப் பார்க்கலாமா?

சேகரப் பொறுப்பை (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின் தொகுதிதான் சேகரம்) விட்டு வந்த முன்னாள் குருவானவர் நடத்துகிறார். பிரசங்க பீடம் கிடையாது. பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் வட்டமாய். பைபிளில் ஒரே அதிகாரம், இருவர் வாசிப்பார்கள், பிறகு கேள்விகள். இருபது பேர் வரை அருமை. தாண்டினால் வாயாடி ஒருவர் நேரத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறார்.

கைப்பிடி அரிசி வழக்கத்தை (சமைக்கும்போது சபைக்கென ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுப்பது) விடாதது பிடித்தது: வாசலில் எவர்சில்வர் தூக்கு, வரவு செலவு சிலேட்டில், சாக்பீஸில். சேகர ஆடிட்டில்கூட இவ்வளவு தெளிவு அபூர்வம்!

சிக்கல் கல்யாணத்திலும் கல்லறையிலும். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லோரும் கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. கல்லறைத் தோட்டமோ சேகரத்துடையது. அதனால் பழைய சபைச் சந்தாவை நிறுத்தாமல் வாருங்கள். ஐந்துக்கு நான்கு.