பழைய காரின் குரோம்: தேய்ப்பதா, பஃப் பிடிப்பதா, நிக்கல் போடுவதா?

நானுஓயாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. 1956இல் வரத் தொடங்கிய 1000 மொடல், முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்து வரும் வகை. தோட்டத்தில் கிளாக்கராக இருந்த மாமனார் வாங்கி ஓட்டியது. இரண்டு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் அதன் பளபளப்புச் சாமான்களோடுதான் போகின்றன. பம்பர் இரண்டு, ஹெட்லைட் வளையம் இரண்டு, பொனட் நடுவில் ஓடும் பட்டை, கதவுக் கைப்பிடிகள், ஹப் கேப் நான்கு.

டிங்கரிங்குக்கு ஆள் இருக்கிறது, பெயின்டுக்கு ஆள் இருக்கிறது. இந்தச் சின்னச் சாமான்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில். ஓட்டோசோல் என்கிற பொலிஷ் பசையைப் போட்டுத் தேயுங்கள், போதும் என்பார் ஒருவர். கிரைண்டரில் பஃப் என்கிற பொலிஷ் சக்கரத்தை மாட்டினால் அரை மணி வேலை என்பார் இன்னொருவர். கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி நிக்கல் போட்டு, அதாவது முலாம் பூசி எடுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். மூன்றுமே சரிதான், ஆனால் ஒரே சாமானுக்கு அல்ல. கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தால், பணமும் போகும், திரும்பக் கிடைக்காத பாகமும் போகும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன். கொழுந்து அரைக்கும் ரோலர் மேசையின் பித்தளைச் சட்டங்களை வருடக்கணக்காகக் கழற்றிப் பூட்டிய கை அவருடையது. நான் சாமான் பெட்டியோடு போய் நின்றதும் அவர் பொலிஷை எடுக்கவில்லை. பழைய ஸ்பீக்கரில் இருந்து உடைத்தெடுத்த காந்தத்தை எடுத்தார். "தம்பி, அவசரப்படாதீங்க. மொதல்ல என்னா சாமான்னு பாருங்க" என்றார்.

காந்தம் இறுகப் பிடித்தால் பெரும்பாலும் இரும்பு, அதன் மேல் குரோம். மைனரின் பம்பர் இப்படித்தான். பிடிக்காவிட்டால் பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், அல்லது மசாக் என்கிற நாகக் (துத்தநாகக்) கலப்பு வார்ப்பு. பின்பக்கத்தைத் திருப்பி ஊசியால் லேசாகச் சுரண்டினால் பித்தளையின் மஞ்சள் தெரிந்துவிடும். அலுமினியம் கையில் எடுத்ததுமே இலேசு. மேலே சின்னச் சின்னக் கொப்புளங்களும், உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறமும் இருந்தால் மசாக். கதவுக் கைப்பிடிகள் அந்த வகை. எவர்சில்வரில் மட்டும் காந்தத்தை முழுதாக நம்ப வேண்டாம். சில வகை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். துருவே இல்லாமல் கீறல் மட்டும் இருக்கிற பட்டையில் காந்தம் ஒட்டினால் ஒருமுறை யோசியுங்கள், அது எவர்சில்வராக இருக்கலாம்.

சரி, கைத்தேய்ப்புக்கு வருவோம். இரும்பின் மேல் குரோம் உள்ள எந்தச் சாமானுக்கும் நான் முதலில் செய்வது இதுதான். நாம் குரோம் என்று கண்ணால் பார்ப்பதில் பெரும்பகுதி நிக்கல். மேலே நிற்கும் குரோமியம் பொதுவாக அரை மைக்ரோனுக்கு மேல் போகாது. அதன் கீழே நிக்கல் இருபது, முப்பது மைக்ரோன் அளவு. ஒரு தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கராஜ்களில் "நிக்கல் போடுறது" என்று சொல்வது அப்படி ஒன்றும் பிழையில்லை. அந்த மெல்லிய குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களும் வெடிப்புகளும் உண்டு. அடியில் உள்ள நிக்கலிலும் எங்காவது துளை இருந்தால் ஈரம் அதன் வழியே இரும்பு வரை இறங்கும், துரு மேலே ஏறி வரும். நுவரெலியாப் பக்கம் 1868 மீட்டர் உயரத்தில், காலையில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில், இது நிற்காமல் நடக்கிற வேலை.

சமையலறை அலுமினியத் தாளை உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப்புள்ளியின் மேல் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருது, அதனால் குரோமில் கீறல் விழாது. அரை நிமிடத்தில் சாம்பல் நிறச் சேறு ஒன்று வரும். துணியால் வழித்துவிட்டுப் பார்த்தால், மண்ணிறத் தோல் மாதிரிப் படர்ந்திருந்தது போய்விடும், அதன் நடுவே ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் நிற்கும். அங்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் குரோம் பிழைத்திருக்கிறது. நகம் மாட்டினால் அது குழி, எந்தப் பொலிஷும் குழியை நிரப்பாது. பிறகு பசைப் பொலிஷ், அப்புறம் மெழுகு. என் முன்பம்பரை அனுப்பியே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு ஞாயிறு தேய்த்தபின் முழுப் பம்பரிலும் நகம் மாட்டிய இடங்கள் ஏழுதான், ஆறு அடியில் இருந்து பார்க்கிற யாருக்கும் அவை தெரிவதில்லை.

குத்துவிளக்குத் துலக்குகிற கையோடு புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு காருக்கு வராதீர்கள். புளியின் புளிப்பு வெறும் பித்தளைக்கு நல்லது. மசாக் கைப்பிடியில் குரோம் விட்டுப்போன இடத்தை எந்த அமிலமும் தின்னும், தேசிக்காயும் அப்படித்தான். சாம்பலில் உள்ள மணல் குரோமில் நூல்நூலாகக் கோடு போடும். தலைமுறையாக வந்த பழக்கம் என்பதால் வீட்டில் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அவர்களுக்கு விளக்கையே கொடுத்துவிடுங்கள்.

பஃப் சக்கரம் வேறு உலகம். நல்ல எவர்சில்வர் பட்டைக்கு அதற்கு இணையே இல்லை. அது உள்ளும் புறமும் ஒரே உலோகம். தேய்த்தால் போவதற்கு மேலே பூச்சு என்று ஒன்றும் இல்லை. தலவாக்கலையில் உறவினர் ஒருவரின் பழைய ஒஸ்டினில் பக்கவாட்டுப் பட்டை முழுதும் கல்லடிப் பள்ளங்கள். ஃபிட்டர் அண்ணன் பட்டையை மரக்கட்டையில் கவிழ்த்து வைத்து, பள்ளத்தின் முதுகில் சின்னச் சுத்தியலால் பூப்போலத் தட்டினார். ஒரே அடியில் எழுப்பிவிடக் கூடாது, மேலே மேடு விழுந்துவிடும். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வோட்டர் பேப்பர், கரடான 320ஆம் எண்ணில் ஆரம்பித்து நைசாகப் போகும் 400, 600, 800, 1200. ஒவ்வொரு தாளும் முந்தியதற்குக் குறுக்கே. முந்திய கோடுகள் முழுதும் மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகவே கூடாது என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. அதற்குப் பிறகுதான் சக்கரம், முதலில் கரடான நார்ச் சக்கரம், பிறகு துணிச் சக்கரமும் பச்சைப் பொலிஷ் கட்டியும். பட்டை புதிதாக வந்தது மாதிரி ஆனது. அதற்கு எந்தக் கடையும் தேவைப்படவில்லை.

சக்கரம் ஆபத்தானதும்கூட. நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மேசைக் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800, 2,900 சுற்று ஓடும். நீளப் பட்டையின் ஓரத்தைச் சக்கரம் கவ்வினால் கையில் இருந்து பிடுங்கி எறியும். பட்டையை மரச்சட்டத்தில் பிணைத்து, சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, ஓரத்தைவிட்டு வெளியே போகும் திசையில் மட்டும் பிடிக்க வேண்டும். ஓரத்தை நோக்கி வரும் திசையில் ஒருபோதும் கூடாது. கண்ணாடி போடுங்கள், சேலை, சால்வை, தொங்கும் சட்டைக் கை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கையில் பிடிக்கிற அங்கிள் கிரைண்டரில் துணிச் சக்கரம் மாட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதன் வேகம் 11,000 சுற்று, மெல்லிய தகட்டைச் சுட்டு நீலமாக்கிவிடும்.

குரோம் பூசிய இரும்பில் பஃப் பிடிப்பதை நான் முழுதாக எதிர்க்கிறேன். ஓரங்களில் முதலில் குரோமியம் போய், லேசான மஞ்சள் சாயலோடு நிக்கல் எட்டிப் பார்க்கும். அன்றைக்குப் பளபளக்கும், மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அந்த மஞ்சள் மங்கி அழுக்காகும். அந்த ஓரத்துக்குப் பிறகு நிக்கல் கடையைத் தவிர வேறு வழியில்லை.

அலுமினியத்தில் நானே ஒரு பிழை செய்தேன். நண்பரின் வொக்ஸ்வேகன் பீட்டில் பக்கப் பட்டையை எவர்சில்வர் மாதிரி நினைத்து நேரே சக்கரத்தில் பிடித்தேன். ஒரு சாண் கண்ணாடியானது, அடுத்த சாண் பால் படிந்த மாதிரி நின்றது. அந்தப் பட்டைகளின் மேல் அனோடைஸ் என்கிற கடினமான, ஒளி ஊடுருவும் தோல் இருக்கிறது. அதை முதலில் எடுக்காமல் சக்கரம் பிடித்தால் திட்டுத் திட்டாகத்தான் போகும். எடுப்பதற்குக் கொஸ்டிக் சோடாக் கரைசல். பிளாஸ்டிக் வாளியில், திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குமிழி வரும், அது தீப்பற்றும் வாயு. சில நிமிடங்களுக்குமேல் ஊறவிட்டால் பட்டையே கரையும். இவ்வளவும் செய்த பிறகும் அலுமினியம் காப்பு இல்லாமல் நிற்கிறது. எங்கள் மூட்டத்தில் மெழுகு இல்லாமல் சில வாரத்தில் மங்கிவிட்டது. அனோடைஸ் நன்றாக இருக்கிற பட்டையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி மெழுகு போட்டு விட்டுவிடுங்கள். நண்பர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அந்தப் பட்டை இன்னும் என் மனதில் நிற்கிறது.

இனி நிக்கல் கடை. நகம் மாட்டும் குழி நிறைய உள்ள இரும்புக்கும், குரோம் தகடாக உரிகிற பாகத்துக்கும் இதுதான் வழி, வேறு பேச்சில்லை. ஆனால் கடைக்குக் கடை வேலை வேறு. ஒழுங்கான வேலை என்றால் பழைய பூச்சைக் களைந்து, துருவை எடுத்து, தேய்த்து, செம்பு பூசி, அந்தச் செம்பை மறுபடி தேய்த்துக் குழியை நிரப்பி, பிறகு நிக்கல், கடைசியாகக் குரோமியம். செம்பை விட்டுவிட்டு நேரே மெல்லிய நிக்கல் போட்டால் விலை குறையும். வீட்டுக்கு வந்த அன்று இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எங்கள் ஊரில் இரண்டு பருவமழைக்குள் வித்தியாசம் தெரியும். "செம்பு போடுவீர்களா, அதைப் பஃப் பிடித்துக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார்.

மசாக் கைப்பிடிகளை அனுப்பியதில் எனக்குப் பெரிய நட்டம். சாவி நுழையும் துளையின் ஓரம் அமிலத்தில் கரைந்து, வட்டம் நீள்வட்டமாகித் திரும்பி வந்தது. கடைக்காரர் இரும்புக்குச் செய்கிற அதே முறையை அதற்கும் செய்திருக்கிறார். மசாக் வேலை தெரியுமா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு பாகத்தையும் இரு பக்கமும் படம் எடுங்கள், எண்ணுங்கள், கம்பியால் அடையாளத் தகடு கட்டுங்கள், எழுத்துள்ள சின்னங்களை அதிகம் தேய்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலேயே குரோமியம் பூசும் எண்ணம் வேண்டாம். பூசும் தொட்டியில் பெரும்பாலும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அது புற்றுநோய் உண்டாக்குவது. மலையில் ஊற்றுகிற எதுவும் கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீர்ப் பீலிக்குத்தான் இறங்கும், அங்கே பிள்ளைகள் குளிக்கிறார்கள். அதற்கும் கீழே மகாவலி, களனி.

புதிய பாகம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மைனருக்கு இங்கிலாந்தில் இன்னும் பாகங்கள் செய்கிறார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த விலை நம் கைக்கு எட்டாமல் போய்விட்டது. எட்டினாலும், எனக்கு வந்த ஹெட்லைட் வளையம் மெல்லியது, கொக்கியில் சரியாக உட்காரவில்லை. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்த நசுங்கிய பழைய பித்தளை வளையத்தை நிமிர்த்தி நிக்கல் போட்டதுதான் இப்போது காரில் இருக்கிறது. கனமும் உண்டு, பொருந்தவும் செய்தது. குரோம் ஸ்ப்ரே பெயின்ட் கண்ணாடி போல வராது, சாம்பல் வெள்ளி போலத்தான் வரும், விரல் பட்டால் மங்கும். அதை விட்டுவிடலாம்.

எந்த வழியில் போனாலும் பம்பரின் முதுகைப் பாருங்கள். பின்பக்கம் பூச்சு மெல்லியதாகத்தான் ஏறும், துரு அங்கேதான் தொடங்கி முன்னுக்கு வருகிறது. நான் அங்கே நாக ப்ரைமர் அடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன், போல்ட் துளைகளில் வாஸ்லின் பூசினேன். முன்பக்கத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு. படங்கை நேரே காரின் மேல் போட்டு மூடுவதையும் நிறுத்தினேன். அடியில் வியர்த்து, இரவு முழுதும் குரோம் ஈரத்தில் கிடந்தது. இப்போது மேலே கம்பி கட்டி, காற்றோட இடம் விட்டுப் போடுகிறேன்.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் கார்கள் மலைப்பாதையில் ஏறி ஓடும் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் அந்தப் பக்கம் பழைய கார்கள் வரும்போது மாமனாரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்பது என் ஆசை. கைப்பிடியில் துளை இன்னும் நீள்வட்டம்தான், சாவி நுழைகிறது. ஹப் கேப் நான்கில் மூன்றை அலுமினியத் தாளே காப்பாற்றிவிட்டது. இடது பின்சக்கரத்தினுடையதில் காந்தம் பிடிக்கிறது, நகம் எங்கே வைத்தாலும் மாட்டுகிறது. அதை மட்டும் துணியில் சுற்றி, அடுத்த வாரம் கொழும்பு போகிற லொறியில் ஏற்ற வைத்திருக்கிறேன்.